திரியெஸ்தேவுக்கு சைக்கிளோடு வரலாமா?

வாசகர் கேள்வி, 6 அக்டோபர் 2024

அக்கா, ஜனவரி மாதம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், மிராமாரேயில் உள்ள கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு ஓராண்டு ஆய்வுக்காக வருகிறேன். சென்னையில் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள். திரியெஸ்தேயைப் படத்தில் பார்த்தால் கடலுக்குப் பின்னாலேயே மலை எழுந்து நிற்கிறது. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டி எடுத்துவருவதா, ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்வதா? ஏற்றம் ஏறி எனக்குப் பழக்கமே இல்லை.

6 அக்டோபர் 2024, இரவு

சைக்கிள் வேண்டாம். ஓடும் காலணி இரண்டு ஜோடி போதும்.

இந்த ஊர் கடலுக்கும் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புப்பாறை மேட்டுநிலத்துக்கும் இடையே இடுக்கில் கிடக்கிறது. மேட்டின் விளிம்பில் இருக்கும் ஒபிச்சினா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரம். ஊர் மையத்திலிருந்து அங்கே போகும் டிராம் பாதையின் மொத்த நீளமே 5.2 கி.மீ.தான். அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் அவ்வளவு உயரத்தையும் ஏறியாக வேண்டும். வரைபடத்தில் விரலை வைத்து 'இதோ பக்கம்தானே' என்று நினைக்கிற இடமெல்லாம் நேரில் தலைக்கு மேலே இருக்கும். மாமல்லபுரம் போய்வந்த கால்களுக்குத் தூரம் தெரியும், உயரம் தெரியாது.

ஓட்டத்துக்குக் கவலையில்லை. பியாத்சா உனிதா சதுக்கத்திலிருந்து கடலோரமாகவே பார்கோலாவைத் தாண்டி மிராமாரே கோட்டை வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் சமதளம். நீங்கள் தங்கப்போவது அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் என்பதால் வாசலிலேயே ஓடுபாதை.

7 அக்டோபர்

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது. பார்கோலாக் கரை முழுவதும் கல்லும் கான்கிரீட்டும் தாரும்தான், மண்ணே கிடையாது. முதல் ஆண்டில் வாரத்துக்கு ஐந்து நாள் அதில் ஓடி, முழங்காலின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே ஓடுங்கள், மற்ற நாள்களுக்கு வேறு வழி சொல்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு நாளைத் தவறவிடாதீர்கள். காலை ஆறரை மணிக்குப் போனால் டொப்பொலீனியில் கிழவிகள் கடலில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். டொப்பொலீனி என்பவை கரையோரம் அரைவட்டமாகக் கட்டிய குளிமேடைகள். மேலிருந்து பார்த்தால் மிக்கி மவுஸின் காதுபோல இருப்பதால் அந்தப் பெயர். நவம்பரிலும் இறங்குவார்கள். எழுபது எழுபத்தைந்து வயது இருக்கும் ஒரு பாட்டியை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். துண்டை நான்காக மடித்து, அதன்மேல் செருப்பை வைத்து, செருப்புக்குள் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டுத்தான் கடலில் இறங்குவார். கண்ணாடியும் துண்டும் காற்றில் போகாமலிருக்க அந்த ஏற்பாடு. திரும்பி ஏறியதும் ஓடுகிறவர்களைப் பார்த்துக் கையசைப்பார். நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

12 அக்டோபர்

மற்ற நாள்களுக்கான வழி: நெப்போலியோனிகா. ஒபிச்சினாவில் ஒரு கல் தூண் நிற்கிறது. அதன் பக்கத்தில் தொடங்கி புரொசெக்கோ கிராமம் வரை மலையின் விலாவில் போகும் பாதை. வண்டி கிடையாது. ஏறக்குறைய சமதளம், பெரும்பகுதி மண்ணும் சரளையும், முழங்காலுக்கு இதம். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் முந்நூறு மீட்டர் கீழே கடல். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் கடலுக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலையின் பனி தெரியும். முதல்முறை பார்த்தபோது மேகம் என்றே நினைத்தேன்.

புரொசெக்கோ என்பது மதுவின் பெயராகத்தான் உலகத்துக்குத் தெரியும். அந்தப் பெயர் இந்தச் சின்னக் கிராமத்திலிருந்து போனது. பெயர்ப்பலகையில் இத்தாலியத்தில் ஒரு பெயரும் ஸ்லொவேனியத்தில் ஒரு பெயரும் இருக்கும். மேட்டுநிலக் கிராமங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான்.

நெப்போலியன் படைக்காகப் போட்ட பாதை என்பதால் அந்தப் பெயர்.

13 அக்டோபர்

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். உதினேயில் இருக்கும் ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. நெப்போலியன் கதை ஊர்வாய்க் கதை. பாதையை வகுத்தவர் விசெந்தீனி என்ற பொறியாளர். அவர் பெயராலேயே விசெந்தீனா சாலை என்றும் வழங்குகிறது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய பாதை, பலகையை ஒருமுறையாவது நின்று படித்திருக்க வேண்டும்.

20 அக்டோபர்

'விடிகாலையில் தனியாக ஓடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது எனக்கு வருத்தம். முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

நான் தனியாகத்தான் ஓடுகிறேன். பார்கோலாவில் விடிவதற்கு முன்பும் ஆள் இருக்கும். ஆண்கள் யாரும் வழிமறித்ததில்லை, பின்தொடர்ந்ததில்லை. நெப்போலியோனிகாவில் இருட்டில் ஓடமாட்டேன். அதற்குக் காரணம் மனிதர்கள் இல்லை, காட்டுப்பன்றி. இந்த ஊரில் அவை மலையிலிருந்து இறங்கி வீட்டுத் தெருக்களுக்கே வருகின்றன. குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றியைக் கண்டால் வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிடுங்கள்.

நாகர்கோவிலில் இருந்தவரை நான் ஒருநாளும் தெருவில் ஓடியதில்லை. ஓடினால் 'என்ன ஆச்சு' என்று நாலு பேர் கேட்பார்கள். முப்பத்து மூன்றாவது வயதில், யாருக்கும் என்னைத் தெரியாத கடற்கரையில் முதல் தடவை ஓடினேன். அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு நீளமாகத் தொட்டேன்.

3 நவம்பர்

முதல் நாள் எழுதிய பதிலைத் திரும்பப் பெறுகிறேன். சைக்கிள் வேண்டும்.

இன்று ஞாயிறு. ஊருக்குள் இருக்கும் சான் ஜாக்கொமோவிலிருந்து எல்லைப் பக்கத்துத் திராகா வரை பழைய ரயில் தடத்தில் சைக்கிளில் போய்வந்தேன். போகும்போதே உங்களுக்கு எழுதியது நினைவுக்கு வந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரைவிட்டு மேலே ஏறும் தார்ச்சாலைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். ஒபிச்சினாவுக்குப் போகும் சாலையில் ஒரு தடவை பஸ் உரசினாற்போலக் கடந்துபோனதிலிருந்து அதன்மேல் எனக்குத் தீராத பயம். அந்தப் பயம்தான் உங்களுக்குப் பதில் எழுதியது.

1887-இல் இங்கிருந்து இன்று ஸ்லொவேனியாவில் இருக்கும் கொசினா பக்கம் ஒரு ரயில் பாதை போட்டார்கள். அப்போது இது ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். 1958-ஆம் ஆண்டோடு ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்தத் தடத்தையே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் கொடுத்துவிட்டார்கள். இத்தாலிக்குள் மட்டும் ஏறக்குறைய 12 கி.மீ.

ரயில் தடம் என்பதுதான் இதில் விஷயம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கிவிடும். அதனால் பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, பாறையைக் குடைந்து, பாலம் கட்டி, நூறு மீட்டருக்கு இரண்டு இரண்டரை மீட்டர் என்று பார்த்துப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். நீராவி எஞ்சினுக்காகச் செய்த தயவு இன்று நம் கால்களுக்குக் கிடைக்கிறது. ஏற்றம் ஏறிப் பழக்கமில்லாத ஒருவர் பேசிக்கொண்டே மிதிக்கலாம். மேலே போனபின் திரும்பிப் பார்த்தால்தான் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பதே தெரியும்.

ஊருக்குள் தொடங்கும்போது தார், பிறகு பொடிச்சரளை. அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கம், துணி காயும் கொடிகள், காய்கறித் தோட்டங்கள், அப்புறம் திடீரென்று ரொசாந்திரா பள்ளத்தாக்கு. ஆறு அடியில் எங்கோ கேட்கும். எதிர்ப்பாறைமேல் ஒரு சின்னத் தேவாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய மலையேறியான எமீலியோ கொமிச்சி இந்த ஊர்க்காரர், இந்தப் பாறைகளில்தான் பழகினார்.

இன்று சொம்மாக்கோ முழுக்கச் சிவந்திருந்தது. அது இந்தப் பாறைநிலத்தில் வளரும் ஆளுயரப் புதர். அக்டோபர் கடைசியிலிருந்து அந்தப் புதரின் இலை குங்குமச் சிவப்பாகிவிடும். வெள்ளைப் பாறையிடுக்கில் அந்தச் சிவப்பு. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொண்டுவாருங்கள்.

4 நவம்பர்

அந்தப் பாதைக்கு ஜொர்தானோ கொத்தூர் பாதை என்று பெயர். நம் காதுக்கு ஊர்ப்பெயர் போல இருக்கும். கொத்தூர் இந்த ஊரில் 1914-இல் பிறந்த சைக்கிள் வீரர். இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜீரோ தித்தாலியா பந்தயத்தில் 1940, 1948, 1949 ஆகிய மூன்று ஆண்டும் மூன்றாம் இடம். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது 1946-க்காக.

போர் முடிந்து ஓராண்டு. திரியெஸ்தே இத்தாலிக்கா யூகோஸ்லாவியாவுக்கா என்று தீராமல் நேசநாட்டுப் படையின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு ஜீரோவின் ஒரு கட்டம் இங்கே முடிவதாக ஏற்பாடு. ஜூன் 30 அன்று பியெரிஸ் என்ற இடத்தில் யூகோஸ்லாவியா பக்கம் நின்றவர்கள் சாலையை மறித்து, வந்த வீரர்கள்மேல் கல்லெறிந்தார்கள். பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பதினேழு பேர் மட்டும் போய்த்தான் தீர்வோம் என்றார்கள். அமெரிக்க ராணுவ லாரிகளில் அவர்களையும் சைக்கிள்களையும் ஏற்றி ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கிருந்து மிதித்தார்கள். முதலில் வந்தவர் உள்ளூர்க்காரரான கொத்தூர்.

அன்று மகிழ்ந்தவர்களும் கசந்தவர்களும் இந்த ஊரில் உண்டு. இரண்டு மொழி பேசும் ஊர், ஒரே நாளை இரண்டு விதமாக நினைக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஸ்லொவேனியாவை நோக்கிப் போகிற ஒரு பாதைக்கு அவர் பெயர் இருக்கிறது. எல்லையைத் தாண்டி அதே தடம் தொடர்கிறது. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் அதில் சைக்கிள் பழகுகிறார்கள்.

கொத்தூரின் அணி விலியெர் திரியெஸ்தினா. இங்கே அந்தப் பெயருள்ள சைக்கிளைக் கடைகளில் பார்த்து 'உள்ளூர்த் தயாரிப்பு' என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனம் பஸ்ஸானோ தெல் கிராப்பாவில் தோன்றியது. திரியெஸ்தேயின் பெயரை அந்தக் காலத்து உணர்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

17 நவம்பர்

இரண்டு சின்ன விஷயம். திராகாவைத் தாண்டினால் ஸ்லொவேனியா. 2007 முதல் சோதனை கிடையாது என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 2023 அக்டோபரில் இத்தாலி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. காட்டுப்பாதையில் யாரும் நிற்கமாட்டார்கள் என்றாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும். நம்மைப் போன்றவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

இன்னொன்று உண்ணி. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை கார்ஸ்ட் புல்லில் இருக்கும். ஓடிவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, காதுக்குப் பின்னால் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். மூளைக்காய்ச்சல் பரப்பும் வகையும் உண்டு, தடுப்பூசி இருக்கிறது. வந்தவுடன் மருத்துவரிடம் கேளுங்கள்.

8 டிசம்பர்

சைக்கிளை விமானத்தில் கொண்டுவரக் கேட்கிற கட்டணத்தை எழுதியிருந்தீர்கள். அநியாயம். அப்படியானால் இங்கே பழைய சைக்கிள் வாங்கலாம். ஒரு நிபந்தனை: பிரேக்கை நீங்களே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் முதலில் வாங்கியது ஒரு கடையில், 'முழுக்கச் சரிபார்த்தது' என்ற வாக்குறுதியோடு. கடைப்பெயர் வேண்டாம். ரயில் பாதை வழியாக மேட்டுக்கு ஏறிச் சுற்றிக்கொண்டு ஒபிச்சினாவிலிருந்து இறங்கினேன். மூன்றாவது வளைவில் பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை, உள்ளே இருந்த தகரம் சக்கர வளையத்தை அறுத்துக்கொண்டிருந்தது. சுட்ட இரும்பு வாசனை. சுவரோரம் ஒரு குப்பைத் தொட்டிமேல் சாய்த்து நிறுத்தி, மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். மறுநாள் கடைக்காரர் 'இறக்கத்தில் அதிகம் பிடித்திருப்பீர்கள்' என்றார். இந்த ஊரில் இறக்கத்தில் பிடிக்காமல் வேறு எங்கே பிடிப்பது?

பிரேக் கட்டையில் நல்ல கனத்துக்கு ரப்பர் இருக்க வேண்டும். பின்பக்கம் பெரிய பல்சக்கரம் இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

29 டிசம்பர்

போரா என்ற இந்த ஊர்க் குளிர்காற்றைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். வருவதற்கு முன்பே பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன். இன்றைக்குக் கேட்டுவிட்டீர்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அந்த ஆடி, மார்கழி தை மாசியில் வருகிறது. வடகிழக்கில் உள்நாட்டில் தேங்கிக் கனத்துப்போன குளிர்காற்று, மலைவரிசை தாழ்ந்திருக்கிற வாய் வழியாகக் கார்ஸ்ட் விளிம்பைத் தாண்டிக் கடலில் கொட்டுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வளர்ந்த எனக்கு மலையிடுக்குக் காற்று புதிதல்ல. ஆனால் நம் ஊர்க் காற்று ஒரே சீராகத் தள்ளும், சாய்ந்து நடந்துவிடலாம். போரா அப்படி இல்லை. விட்டு விட்டு அடிக்கும். அந்த ஒவ்வோர் அடியையும் இவர்கள் ரெஃபொலோ என்கிறார்கள். சாய்ந்து நடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிட்டால் நீங்கள் காற்று வந்த பக்கமே விழுவீர்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் ரெஃபொலோ குளிர்காலத்தில் அதிசயமே இல்லை. முன்பெல்லாம் தெருமுனைகளில் மக்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டுவார்களாம்.

நான் வந்தது 2012 ஜனவரி. அடுத்த மாதமே பல நாள் தொடர்ந்து அடித்தது. அலையின் தெறிப்பு கரையில் விழுந்த இடத்திலேயே உறைந்து, கம்பிவேலியும் விளக்குக் கம்பமும் இருக்கைகளும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் ஆகிவிட்டன. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது 'வந்துரு' என்றார்.

போரா நாளில் சைக்கிளை எடுக்கக் கூடாது. எவ்வளவு தேறியவராக இருந்தாலும். கட்டட வரிசை முடிந்து சந்து திறக்கும் இடத்தில்தான் ஆபத்து. அதுவரை ஒன்றும் தெரியாது, சந்தின் வாயில் பக்கவாட்டில் அறைவிழும். வரிசையாக நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால் அன்றைக்கு வீடு திரும்பிவிடுங்கள். ஓட்டமும் மோலோ அவுதாச்சே பக்கம் வேண்டாம். அது கடலுக்குள் இருநூறு மீட்டருக்குமேல் நீளும் வெறும் கல் மேடை, தடுப்புச் சுவர் கிடையாது.

19 ஜனவரி 2025

வந்து சேர்ந்தது மகிழ்ச்சி. போரா அடித்த அன்றே மோலோ அவுதாச்சேயில் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கண்டிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். படத்தில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இனி வேண்டாம்.

2 பிப்ரவரி

டிராம் மீண்டும் ஓடுகிறது! நேற்றுத் தொடங்கியது. 2016 ஆகஸ்டில் மலைச்சரிவில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதியதிலிருந்து நின்றுகிடந்தது. 1902-இல் போட்ட டிராம். செங்குத்தான நடுப்பகுதியில் மட்டும் கம்பிவடம் இழுக்கும் ஒரு வண்டி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அங்கே சரிவு நூற்றுக்கு 26 வரை போகிறது. நான் ரயில் பாதைக்குச் சொன்ன இரண்டரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடுகிறவர்களுக்கு இது பெரிய கொடை. முழங்கால் மேலே ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அடி வாங்குகிறது. காலையில் படிக்கட்டும் சந்துமாக மேலே ஓடி, நெப்போலியோனிகாவில் ஓடி, டிராமில் உட்கார்ந்து இறங்கிவிடலாம்.

சைக்கிள்காரர்களுக்கு எச்சரிக்கை. பியாத்சா ஒபெர்தான் பக்கம் தண்டவாளம் தெருவோடு தெருவாகப் பதிந்திருக்கிறது. டிராம் நின்றிருந்த காலத்தில், மழைத் தூறலில், தண்டவாளத்தோடு ஒட்டினாற்போலக் கடந்தேன். முன்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கியது. கைப்பிடி திரும்பவில்லை, உடம்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இடது முழங்கை, தாடை. எதிரே காப்பிக் கடையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து காகிதத் துடைப்பான் கத்தையைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு 'காப்போ' கொண்டுவரச் சொன்னார். இந்த ஊரில் மட்டும் பால் தொட்ட சிறு காப்பிக்கு அப்படிப் பெயர். கறுப்புக் காப்பிக்கு 'நேரோ'. மற்ற இத்தாலிய ஊர்களில் கேட்டால் புரியாது. தாடையில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. தண்டவாளத்தைச் செங்குத்தாக வெட்டிக் கடங்கள், ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

3 பிப்ரவரி

'கடங்கள்' என்பது 'கடந்து செல்லுங்கள்'. தட்டச்சுப் பிழை.

9 மார்ச்

நீங்கள் கேட்ட கடலோர நெடுஞ்சாலை. மிராமாரேயிலிருந்து சிஸ்தியானா வரை பாறையைச் செதுக்கிய சாலை. உங்கள் மையத்தின் வாசலே அதில்தான். அழகில் குறையில்லை. கார்கள் வேகமாக வரும், ஒதுங்க இடம் குறைவு. ஞாயிறு விடிகாலையில் மட்டும் போங்கள். இத்தாலியச் சட்டப்படி ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், சுரங்கத்துக்குள் எந்த நேரத்திலும், ஒளி திருப்பும் மேல்சட்டை கட்டாயம்.

30 மார்ச்

பசிக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு: ஒஸ்மீட்சா. மேட்டுநிலத்தில் குறுக்குச்சாலையில் மரக்கொப்பு கட்டித் தொங்கவிட்டிருந்தால், அந்தத் திசையில் ஒரு விவசாயி வீட்டு முற்றத்தில் உணவு இருக்கிறது என்று பொருள். 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, விவசாயிகள் தாங்கள் விளைவித்ததை வீட்டிலேயே எட்டு நாள் விற்கலாம் என்று ஆணையிட்டார். ஸ்லொவேனியத்தில் எட்டுக்கு 'ஒசெம்', அதிலிருந்து வந்த பெயர். இன்றும் வீட்டுக்கு வீடு முறைவைத்துத் திறக்கிறார்கள்.

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, ஊறுகாய், ரொட்டி கிடைக்கும். போன வாரம் ஒரு முற்றத்தில் முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பெரியவர் என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எண்ணெய்க் குப்பியோடு வந்து சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக விட்டார். மிதியைப் பின்பக்கம் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார். கீச்சுச் சத்தம் நின்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மது குடிப்பவர்கள் இறங்கும் வழியை யோசித்துக் குடியுங்கள்.

11 மே

'ஏழு தடவை திராகா ஆகிவிட்டது, அடுத்தது?' என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை, அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பரென்சானா. இதுவும் செத்த ரயில். திரியெஸ்தேயிலிருந்து இஸ்திரியா வழியாகப் பொரெச் வரை 123 கி.மீ., அகலம் குறைந்த தண்டவாளப் பாதை. 1902-இல் தொடங்கி 1935-இல் நிறுத்தப்பட்டது. இன்று இத்தாலி, ஸ்லொவேனியா, குரோவாசியா மூன்று நாட்டிலும் பெரும்பாலும் சைக்கிள் வழி. மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். குரோவாசியப் பகுதியில் சரளை பெரிது, சன்ன டயர் தாங்காது.

மெல்லிய டயர் வண்டியை நான் வாங்கச் சொன்னேனா? திரும்பப் படித்தேன், பல்சக்கரம் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். டயர் பற்றிச் சொல்லாதது என் தவறு. உங்கள் வண்டியில் எவ்வளவு அகலம் வரை மாட்டலாம் என்று பார்த்து எழுதுங்கள். என்னிடம் ஒரு ஜோடி சும்மா இருக்கிறது.

1 ஜூன்

டயர் பொருந்தும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம். அதற்கு முன் சனிக்கிழமை ஒருமுறை திராகா வரை சேர்ந்து போவோம், சரளையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணி, சான் ஜாக்கொமோவில் பாதை தொடங்கும் இடம். வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். இரண்டு குப்பி தண்ணீர். முன்விளக்கில் மின்கலம் இருக்கிறதா என்று பாருங்கள், வெளிச்சத்திலிருந்து சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் கண் தெரியாது.